டார்லா டீச்சர் நடித்துக் காட்டிய தப்பு

டார்லா ஹியேதலாவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் பேர். மற்ற நாளெல்லாம் அவள் பனி கொட்டும் ஒரு சுரங்க ஊரின் நடுநிலைப் பள்ளியில் சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்கிற, யார் கண்ணிலும் அதிகம் படாத ஒரு டீச்சர். பொத்தான் தைக்கத் தெரியாத பையன்களுக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுப்பாள். அடுப்பில் கருகினதை முகம் சுளிக்காமல் தின்று பார்த்து மார்க் போடுவாள். ஆசிரியர் கூட்டத்தில் அவள் கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அந்த ஒரு நாள் ஜனவரியில் வரும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன பிள்ளைகள், செப்டம்பரில் படித்த ஒழுங்கையெல்லாம் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அதனால் எல்லாரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்து, சாப்பாட்டுக் கூடத்தில் எப்படி இருக்க வேண்டும், நடைவழியில் எப்படி, பஸ்ஸில் எப்படி என்று முதலிலிருந்து நடித்துக் காட்டுவார்கள். ஒழுங்காக நடந்துகொள்ளும் பிள்ளைக்கு மூஸ் சீட்டு. பெரிய கொம்பு வைத்த மூஸ் என்கிற காட்டுமானின் தலை அச்சடித்த மஞ்சள் சீட்டு அது. பள்ளியின் சின்னமே மூஸ்தான். சேர்த்து வைத்தால் பள்ளியில் போடும் வெள்ளிக்கிழமைக் கடையில் சிப்ஸ் வாங்கலாம், இல்லையென்றால் பிரின்சிபாலின் சுழல் நாற்காலியில் ஒரு பீரியட் சுற்றலாம்.

சரியான முறையை மாணவத் தலைவர்கள் நடித்துக் காட்டுவார்கள். தவறான முறையைப் பெரியவர்கள்தான் நடிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூடத் தப்பை ஒத்திகை பார்க்கக் கூடாது, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த ஒழுங்குப் பயிற்சித் திட்டத்தின் கறாரான விதி. நல்ல விதிதான். பெரியவர்கள் உடம்பில் என்ன ஒட்டிக்கொள்ளும் என்று மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தவறான முறைக்கு அந்தப் பள்ளியில் டார்லாவை விட்டால் ஆள் கிடையாது. முதல் வருஷம் வேறு யாரும் முன்வராததால் அவள் தலையில் கட்டினார்கள். அவள் ஒரு பையை முதுகில் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, சாப்பாட்டு வரிசையில் முன்னே நின்றவனை இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கூடம் அதிர்ந்தது. வாயைத் திறந்தால் காற்று வருகிறதா குரல் வருகிறதா என்று தெரியாத டார்லா டீச்சரா இது? அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கிங்கில் முன்பின் தெரியாத பையன்கள் அவளுக்குக் கை காட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் புருஷன் கார்டியிடம், "இன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க கார்டி" என்றாள். பனி வாரும் வண்டி ஓட்டுகிற கார்டி, "மோசமில்லையே" என்றான். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. சாகக் கிடக்கிறவனைக் கேட்டாலும் மோசமில்லை என்றுதான் சொல்வான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் அவளுக்குப் பண்டிகை. இதே பள்ளியில் அவள் படித்தபோது, அவள் லீவு போட்டால்கூட எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு நானூறு பிள்ளைகள் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்? தலைக்கு ஏறத்தான் செய்யும். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

மாணவத் தலைவர்களைப் பழக்கும் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது. இலையுதிர் காலம் முழுக்கப் பள்ளி விட்டதும் தையல் அறையில் கூடுவார்கள். மற்ற ஆசிரியர்கள் தலைவர் என்று அனுப்பி வைப்பது எப்போதும் ஒரே ரகப் பிள்ளைகள்: தலை வாரிய, பென்சில் சீவிய, பாதி நேரம் மற்றவர்களைப் போட்டுக்கொடுக்கிற பிள்ளைகள். அந்த வருஷம் டார்லா டீகன் ரூஸ்காவின் பெயரைச் சொன்னாள். எட்டாம் வகுப்பு. வகுப்பறையைவிடத் துணைப் பிரின்சிபால் அறை வாசல் பெஞ்சில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிற பெண்.

துணைப் பிரின்சிபால் சண்ட்வால் ஆறடிக்கு மேல் உயரமுள்ள நல்ல மனுஷர். பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டார்லா, அந்தப் பெஞ்சு அவ உட்கார்ந்தே பளபளன்னு ஆயிடுச்சு."

"அதனாலதான் சார் கேக்கறேன். அவ சொன்னா பசங்க கேப்பாங்க. நம்ம பென்சில் சீவற கூட்டம் சொன்னா எவன் கேக்கறான்?"

அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். "சரி. ஆனா ஒரே ஒரு தள்ளுமுள்ளு நடந்தாலும் அன்னிக்கே தலைவர் சட்டையைக் கழட்டிக் கொடுத்துடணும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழமாட்டேன்."

டீகன் வந்த முதல் நாள், பச்சை நிறத் தலைவர் டி-ஷர்ட்டைத் தன் சாம்பல் நிற ஹூடியின் மேலேயே மாட்டிக்கொண்டாள். ஹூடியைக் கழற்றமாட்டாளாம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது அவளை எதற்காவது கேள்வி கேட்டால் ஹூடியின் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டு, கழுத்து நாடாவை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்குவாள். முகம் முழுவதும் சுருங்கி உள்ளே போய், மூக்கு மட்டும் வெளியே நிற்கும். பிறகு இரண்டு கையையும் விரித்து, "யாரு, நானா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து போவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். டார்லா சிரிக்கமாட்டாள், ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் வேலையில் அவள் சூட்டிகை. சாப்பாட்டுக் கூடக் காட்சி அவளுக்குக் கொடுக்கப்பட்டது. தட்டோடு இடம் தேடி நிற்கும் புதுப் பிள்ளையை மேசைக்குக் கூப்பிட வேண்டும். டார்லா எழுதி வைத்திருந்த வசனம், "ஏன் தனியா நிக்கற? எங்ககூட வா."

"இது சரியில்ல மிஸ்" என்றாள் டீகன்.

"ஏம்மா?"

"தனியா நிக்கறவளுக்கு அது தெரியாதா? நாம வேற கத்தணுமா? 'இங்க இடம் இருக்கு'ன்னு சொன்னா போதும்."

ஐஸ் ஹாக்கி ஆடுகிற ஆஸ்டன், அவனும் தலைவர்களில் ஒருவன், "பெரிய டைரக்டர் வந்துட்டா" என்றான்.

"ஆமாண்டா. உனக்குக் கூட்டத்துல நிக்கற ரோல்கூடக் கெடையாது."

சிரிப்பு அடங்கியதும் டார்லா வசனத்தை மாற்றினாள். அதற்குப் பிறகு டீகன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து கூட்டிப்போகும்வரை, காலியான நாற்காலிகளைப் பார்த்து "இங்க இடம் இருக்கு" என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அந்தப் பளபளத்த பெஞ்சில் வேறு யாரோ உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

விடுமுறையின் கடைசி நாள் டார்லா தன் பங்குக்குச் சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். போன வருஷம் செய்ததையே செய்தால் மவுசு இருக்காது. கார்டியின் பழைய ஹூடியைப் போட்டுக்கொண்டு அப்படி நடந்தாள், இப்படி நடந்தாள். திடீரென்று கை தானாகப் போய்த் தொப்பியை இழுத்து, நாடாவை இறுக்கியது. மூக்கு மட்டும் வெளியே. "யாரு, நானா?" என்று பின்னால் நடந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியில் முட்டிக்கொண்டாள். கார்டி குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது.

"இது யாரு? புதுசா இருக்கே!"

"யாருமில்ல. தானா வந்துது."

அவள் பொய் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தினமும் எதிரே பார்த்தது உடம்பில் ஊறி எப்போது வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தெரியவில்லை.

காலையில் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். மத்தியானம் எட்டாம் வகுப்பு. காலைக் காட்சிக்கே படிவரிசைப் பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. நடுவில் சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், தட்டுகள். சுவர் ஓரம் பச்சைச் சட்டை போட்ட தலைவர்கள் வரிசையாக நின்றார்கள். டீகன் உதட்டை அசைத்து வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முதலில் தவறான முறை, அடுத்து அவள்.

டார்லா கார்டியின் ஹூடியோடு உள்ளே வந்ததுமே கைதட்டல். தட்டை மேசையில் டமாரென்று போட்டாள். பால் டப்பாவை உருட்டிவிட்டாள். மேற்பார்வை டீச்சராக நடித்த நூலகக்காரம்மா, "ஏய், யார் இதைக் கொட்டினது?" என்று கேட்டாள். டார்லா தொப்பியை இழுத்தாள். நாடாவை இறுக்கினாள்.

"யாரு, நானா?"

கூடம் பிய்த்துக்கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத சிரிப்பு. பெஞ்சுகளைக் காலால் உதைத்துச் சிரித்தார்கள். துணிக்குள் இருந்த டார்லாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்தச் சத்தம் மட்டும் உடம்பெல்லாம் இனித்தது. அதனால் இன்னொரு தடவை செய்தாள். கையை இன்னும் அகலமாக விரித்து, இன்னும் கோணலாகப் பின்னால் நடந்து. அப்போதுதான் அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெயர் இருப்பது அவள் காதில் விழுந்தது.

"டீகன்! டீகன்! டீகன்!"

நாடாவைத் தளர்த்திப் பார்த்தாள். கூடம் முழுவதும் சுவர்ப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தது. டீகன் முகம் வெளுத்து நின்றாள். அவளுடைய தொப்பி முதுகில் தொங்கியது. கை அதைத் தேடிப் போய், பாதியில் நின்று, கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் ஆஸ்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீகன் இரண்டு கையாலும் அவனை ஒரு தள்ளு தள்ளினாள். அவன் வாலிபால் பந்துகள் வைத்த வண்டி மேல் போய் விழ, பந்துகளெல்லாம் தரையில் உருண்டு ஓடின. அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டார்லா அவளைத் தையல் அறையில் கண்டுபிடித்தாள். மெஷின்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சட்டை மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டார்லாவும் தரையில் உட்கார்ந்தாள். அவள் முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது.

"டீகன், வேணும்னு பண்ணலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல."

"தெரியும் மிஸ். வேணும்னு பண்றவங்க அவ்வளவு நல்லாப் பண்ணமாட்டாங்க."

டீகன் தன் ஹூடி நாடாவைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

"நான் அப்படித்தான் இருப்பேன்னு எனக்கே தெரியாது. உள்ள இருந்தா எதுவும் தெரியாதில்ல. அது நான் ஒளிஞ்சிக்கிற எடம் மிஸ். நீங்க அதுக்குள்ள ஸ்கூலையே கூட்டிட்டு வந்துட்டீங்க."

டார்லா அழுதுவிட்டாள். "மத்தியானம் மைக்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

"ஐயோ வேணாம்! மறுபடி எல்லாரும் என்னையே பாக்கணுமா?"

"பின்ன நான் என்னதான் பண்ணட்டும்?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான மிஸ் பெரியவங்க." சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த சட்டையைப் பார்த்தாள். "மத்தியானம் என் கிளாஸ் முன்னாடி என் முறை இருந்துது."

இருந்தது என்று அவள் சொன்னதுதான் டார்லாவை எழுப்பியது. நேரே சண்ட்வால் அறைக்குப் போனாள். அவர் சாண்ட்விச்சைக் கையில் பிடித்திருந்தார்.

"தள்ளினது தள்ளினதுதான் டார்லா. நாம பேசினது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முதல்ல தள்ளினது நான். அவ சட்டையைக் கழட்டணும்னா என்னுதையும் வாங்கிக்குங்க. இனிமே தலைவர் பயிற்சியும் வேணாம், நடிப்பும் வேணாம்."

"மத்தியானம் தப்பை யார் நடிப்பா? நானா?"

"நீங்க நடிச்சா எதையும் கொட்டமாட்டீங்க. கொட்டறதுக்கு முன்னாடி துடைச்சிடுவீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அவள் அப்படிக் குரல் உயர்த்தி அவர் பார்த்ததே இல்லை. "அவ ஆஸ்டன்கிட்ட சாரி சொல்லட்டும். அவன் சரின்னா எனக்கும் சரி."

நடைவழியில் வைத்து அது நடந்தது. டீகன் ஆஸ்டன் எதிரே நின்றாள். "தள்ளினதுக்கு சாரி. சிரிச்சதுக்கு நீ சொல்லு."

ஆஸ்டன் காதைச் சொறிந்துகொண்டான். "சாரி. ஆனா பந்தெல்லாம் ஓடிச்சே, அதுக்குச் சிரிக்கலாமில்ல?"

"அதுக்குச் சிரிச்சுக்கோ."

மத்தியானம் எட்டாம் வகுப்பு வந்து உட்காரும்போதே காலையில் நடந்தது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்ததும் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். "ஹூ-டி! ஹூ-டி!" கதவுக்குப் பின்னால் நின்ற டார்லா அதைக் கேட்டாள். அவளுக்காக ஒரு கூடமே கத்துகிறது. அவள் அந்த நாடாவைத் தொட்டால் போதும், கூரை பறக்கும். ஒரு கணம் அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஹூடியைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, தினமும் போடுகிற நீல ஸ்வெட்டரோடு உள்ளே போனாள்.

"ப்ச்" என்று ஒரு சத்தம் பெஞ்சு முழுக்க ஓடியது. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எதையும் கொட்டவில்லை. சண்ட்வால் தட்டோடு வந்து நின்றார், புதுப் பிள்ளையாக. அந்த உயரத்துக்கு அது கொஞ்சம் அபத்தம்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். டார்லா தன் பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதுதான் அவள் காட்டிய தப்பு.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் இருமினான். அங்கே இருந்தவர்களில் பையை நாற்காலியில் வைக்காதவன் எவன்? தட்டோடு நிற்காதவன்தான் எவன்? சண்ட்வால் நின்றுகொண்டே இருந்தார். டார்லாவுக்குக் காது சுட்டது. அந்த நிசப்தம் அவளுக்குப் பழைய சிநேகிதம். பள்ளிக்கூட நாட்களில் தினமும் அதில்தான் சாப்பிட்டாள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

இப்போது டீகன் வர வேண்டும். வரவில்லை. சுவர் ஓரம் தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்ட்வாலின் தட்டில் ஆப்பிள் மெல்ல உருண்டது.

பிறகு கூடம் ஒரேயடியாகக் கத்தியது. டார்லா திரும்பிப் பார்த்தாள். டீகன் வந்துகொண்டிருந்தாள், பச்சைச் சட்டையோடு. தொப்பி தலையில். நாடா இறுக்கி, மூக்கு மட்டும் வெளியே. விசில் அடித்தார்கள், பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் கையை விரிக்கவில்லை, பின்னால் நடக்கவில்லை. நேரே மேசைக்கு வந்தாள். டார்லாவின் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க இடம் இருக்கு" என்றாள் தொப்பிக்குள்ளிருந்து.

குரல் சரியாகக் கேட்கவேண்டுமென்று கத்தின வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. சண்ட்வால் உட்கார்ந்தார், முழங்கால் மேசையில் இடித்தது. அவர் ஆப்பிளை டீகன் பக்கம் தள்ளினார். இது வசனத்தில் கிடையாது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், ஆஸ்டன்தான் என்று நினைக்கிறேன், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

டீகன் டார்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைதட்டல் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காமல், அவள் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இப்ப இது மறுபடி என்னோடது மிஸ். இனிமே நீங்க இதைத் தொடக் கூடாது."

"தொடமாட்டேன்" என்றாள் டார்லா.

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அவள் அழுதால் கூடம் முழுவதும் டீகனைப் பார்க்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாத டீச்சராக, அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.